தண்ணி வரிசை

மக்களே,

கடிதம் நீளமாகப் போகும், மகனே. முழுவதும் வாசிக்க நேரமில்லை என்றால் இந்த முதல் பத்தியை மட்டும் வாசித்து, அதன்படி செய்துவிட்டு, மீதியைப் பிறகு வாசி. சனிக்கிழமை நீச்சல் போட்டிக்கு நேயாவை அனுப்பாதே. போட்டிக்கு மட்டுமல்ல, பயிற்சிக்கும் வேண்டாம். ஓட்டமும் வேண்டாம். அவளுக்கும் உனக்கும் இ.சி.ஜி. எடுத்து, இதய டாக்டர் ஒருவர் அதைத் தன் கண்ணால் பார்த்து ஒரு முடிவு சொல்லும்வரை நீங்கள் இரண்டு பேரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. நேற்று போனில் இதைத்தான் சொல்ல வந்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் கல்லறை, தண்ணீர், சாவு என்று உளறினேன். "அப்பா, கல்லறையில போய் உக்காந்து எதையாவது நினைச்சுட்டு வந்து என் பிள்ளையைப் பயமுறுத்தாதீங்க" என்று நீ போனை வைத்துவிட்டாய். உன் மேல் தப்பில்லை. சொல்ல வேண்டியதை நாற்பது வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தவன், ஒரு நாளில் அதை ஒழுங்காகச் சொல்லிவிட முடியாது. அதனால் கையால் எழுதுகிறேன். அம்மா ஒவ்வொரு தாளாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள்.

ஆரம்பித்து வைத்தது நீதான். நேயாவின் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்கள், நம் பழைய கல்லறைகளைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டாய். மெல்போர்னில் பிறந்த பிள்ளை, நம் ஆட்களின் பெயரைக் கேட்கிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. ஆனால் ஒன்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் பூ கொண்டுபோவது அம்மாதான். நான் வெளியே ஆட்டோவைப் பிடித்து வைத்துக்கொண்டு நிற்பேன். "அப்பாவுக்கு மூச்சு முட்டும், உள்ளே வரமாட்டார்" என்று அம்மா உன்னிடம் சொல்லியிருக்கிறாள். மூச்சு முட்டியது நிஜம்தான். காரணம் வேறு.

போன வாரம் தனியாகப் போனேன். பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, அந்த உயரமான மதிலை ஒட்டி நடந்து, கதவைத் தள்ளினால் சாலைச் சத்தம் அப்படியே பின்னால் நின்றுவிடுகிறது. முன்பக்கம் எல்லாம் வெள்ளைக்காரர்கள். மகாராஜா காலத்தில் இங்கே வேலைக்கு வந்து காய்ச்சலில் செத்தவர்கள், பிரசவத்தில் செத்த அவர்களுடைய மனைவிகள், பெயர் வைப்பதற்கு முன்னாலேயே போன குழந்தைகள். கட்டில் மாதிரி பெரிய பெரிய கல்லறைகள், சுற்றிலும் துருப்பிடித்த கம்பி. ஒன்றை அரசமரத்தின் வேர் இரண்டாகப் பிளந்திருந்தது. அதைத் தாண்டிச் சரிவில் இறங்கினால் நம் ஆட்கள். தமிழ் எழுத்தில் வெட்டிய சின்னச் சின்னக் கற்கள். பாறசாலைப் பக்கத்திலிருந்து அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்க வந்த என் தாத்தாவின் அப்பாவிலிருந்து அங்கே நம் வரிசை ஆரம்பிக்கிறது. மழை பெய்து ஓய்ந்திருந்தது. எல்லாக் கல்லிலும் பாசி. ஒரு எழுத்தும் தெரியவில்லை.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் தாசய்யன் புல் வெட்டிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். அறுபது வயது இருக்கும். நான் விஷயத்தைச் சொன்னதும் ஒரு வாளித் தண்ணீரும் தேங்காய் நாரும் கொண்டுவந்து, கேட்காமலேயே தேய்க்க ஆரம்பித்தார். அவர் தேய்க்கத் தேய்க்க நான் படம் எடுத்தேன். முதல் கல் எழுத்துக் கோர்த்தவருடையது. எழுபத்தோரு வயது, நிறைவாக வாழ்ந்து போனவர். அதற்கு அடுத்தது அவருடைய மகள் எஸ்தர், என் தாத்தாவின் அக்காள். வயது பதினாறு, குளத்தில் மரித்தாள் என்று வெட்டியிருந்தது. அடுத்தது தாத்தாவின் தம்பி ஞானமுத்து. வயது இருபத்தெட்டு, கரமனை ஆற்றில் மரித்தான். அதற்கும் அடுத்தது சின்னக் கல். என் அப்பாவின் தங்கை ரூத். வயது ஒன்பது, பள்ளி மைதானத்தில் ஓடுகையில் கர்த்தருக்குள் நித்திரையானாள். ஒன்பது. நேயாவின் வயது. எனக்கு ரூத் என்று ஒரு அத்தை இருந்தது தெரியும். எப்படிச் செத்தாள் என்று நான் யாரையும் கேட்டதில்லை. யாரும் சொன்னதும் இல்லை.

தாத்தாவும் அப்பாவும் அம்மையும் வேறு வரிசையில் இருக்கிறார்கள். இந்த வரிசையின் கடைசிக் கல்லைத் தேய்க்கும்போது நான் போனைக் கீழே இறக்கிவிட்டேன். அதில் ஸ்டான்லி என்ற பெயரும் இருபத்துநான்கு என்ற வயதும் மட்டும்தான். ஒரு வசனம் இல்லை, ஒரு சிலுவைகூட வெட்டவில்லை. என் தம்பி. உன் சித்தப்பா.

தாசய்யன் நிமிர்ந்து வரிசையைப் பார்த்தார். "இது முழுக்க சாருக்க குடும்பமா?" என்றார். ஆமாம் என்றேன். "நான் இங்க வந்து முப்பது வருஷம் ஆச்சு, கேட்டியளா. எனக்கு முன்னால எங்க அப்பன். அப்பன் இதுக்கு ஒரு பேரு வச்சிருந்தாரு. தண்ணி வரிசைன்னு சொல்லுவாரு. தண்ணியில போனவங்களை எல்லாம் ஒரே இடத்துல அடக்குறதா இருக்கும்னு நானும் நினைச்சேன். ஒரு குடும்பம்னு இன்னைக்குத்தான் மனசிலாச்சு." பிறகு, எனக்கு நல்ல சேதி சொல்வதுபோல, ஸ்டான்லிக்கு அந்தப் பக்கம் புல் மூடிக் கிடந்த இடத்தைக் காலால் அளந்து காட்டினார். "பயப்படாண்டாம் சாரே. இன்னும் மூணு பேருக்கு இடம் உண்டு."

நான் அந்த மூன்று இடத்தையும் பார்த்துக்கொண்டு நின்றேன். நான், நீ, நேயா என்று மனம் தானாக எண்ணியது. நிறுத்த முடியவில்லை. வாளித் தண்ணீர் கல்லின் மேலிருந்து வழிந்து என் செருப்பை நனைத்தது. வீட்டுக்கு வந்ததும் படங்களை உனக்கு அனுப்பினேன். கிளம்பும்போது ஸ்டான்லியின் கல்லையும் எடுத்திருந்தேன், அதை மட்டும் அனுப்பவில்லை.

இனி ஸ்டான்லியைப் பற்றி. நீ சின்ன வயதில் கேட்டபோது, அவன் கல்லாற்றில் குளிக்கப் போய் இறந்தான் என்று சொன்னேன். கொஞ்சம் வளர்ந்து கேட்டபோது, குடித்துவிட்டு இறங்கினான் என்றேன். நீ அதற்கு மேல் கேட்கவில்லை. இரண்டாவதாகச் சொன்னது பொய். அவன் வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடித்தது கிடையாது.

அவன் நன்றாக நீந்துவான். எனக்கு நீச்சல் தெரியாது, அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. கல்லாற்றுக்குப் போவதற்கு இரண்டு மாதம் முன்னால், கரமனை ஆற்றின் படிக்கட்டில் நீந்தி முடித்து ஏறியவன் அப்படியே சரிந்தான். ஒரு நிமிஷம் கூட இல்லை, கண் திறந்துவிட்டான். பிறகு ஒரு நாள், ரயிலைப் பிடிக்க ஓடியபோது பிளாட்பாரத்தில் விழுந்தான். இரண்டு தடவையும் பக்கத்தில் நான்தான் இருந்தேன். இரண்டாவது தடவை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, வீட்டுல சொல்லிராதே. பொண்ணு வீட்டுக்காரங்க அறிஞ்சா கல்யாணம் நின்னு போவும்" என்றான். எனக்கு முன்பே அவனுக்கு நாள் குறித்திருந்தது. பெண்ணை அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "கல்யாணம் முடியட்டும், டாக்டரைப் பார்ப்போம்" என்றேன். தம்பியைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

அன்று என் ஆபீஸ் நண்பர்களும் ஸ்டான்லியுமாக ஆறு பேர் மலை அடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, கல்லாற்றுக்கு நடந்தோம். அவர்களில் இரண்டு பேர் பாட்டில் கொண்டுவந்திருந்தார்கள். நான் பாறை மேல் உட்கார்ந்திருந்தேன். ஸ்டான்லி பாறையிலிருந்து குதித்தான். தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கிறது என்று கத்தினான். நான்கு வீச்சு நீந்தினான். ஐந்தாவது வீச்சுக்குக் கை தூக்கவில்லை. கை காலை உதறவில்லை, கூப்பிடவில்லை. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு மிதந்தான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். மக்களே, நான் சிரித்துக்கொண்டு நின்றேன். "போதும்லே, எழும்பி வா" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்காகத்தான் இத்தனை வருஷம் அந்த மதிலுக்கு வெளியே நின்றேன்.

போலீஸ்காரர் பாட்டில்களைப் பார்த்துவிட்டு என்னிடம் மலையாளத்தில், "குடிச்சிருந்தோ?" என்று கேட்டார். இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும். பிறகு எப்படி, ஏதாவது வியாதி இருந்ததா என்று கேட்பார். முன்பே இரண்டு தடவை விழுந்தான் என்று சொல்ல வேண்டிவரும். தெரிந்தும் ஏன் தண்ணீரில் இறங்க விட்டாய் என்று என் அப்பா கேட்பார். எனக்கும் அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வியாதிக் குடும்பம் என்ற பெயர் வரும். இதெல்லாம் ஒரு மூச்சு இழுப்பதற்குள் என் தலைக்குள் ஓடியது. "கொறச்சு" என்றேன். கொஞ்சம் குடித்திருந்தான் என்று. ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தை ஊர் முழுக்கப் போயிற்று. என் அப்பா சபையில் தலை நிமிரவில்லை. கல்லில் வசனம் வெட்ட வேண்டாம் என்று சொன்னது அவர்தான். என் அம்மை சாகும் நாள்வரை அவன் பெயரை வாயால் சொல்லவில்லை. கல்யாணம் நிச்சயித்திருந்த பெண் மூன்றாம் நாள் வந்து, "அவரு குடிக்க மாட்டாரே அண்ணே, என்கிட்ட சத்தியம் பண்ணியிருக்காரே" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதையெல்லாம் உன்னிடம் மன்னிப்புக் கேட்பதற்காக எழுதவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் அந்தக் கல்லுக்குக் கீழே இருக்கிறான். உன்னிடம் எழுதுவதற்குக் காரணம், அந்தப் பொய் அதோடு நிற்கவில்லை என்பது. உனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி விளையாட்டு விழா. நானூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் குப்புற விழுந்தாய். நான் ஓடி வருவதற்குள் எழுந்து உட்கார்ந்து, "நான்தானே பர்ஸ்ட்?" என்று கேட்டாய். பி.டி. மாஸ்டர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றார். "காலையில ஒண்ணும் சாப்பிடல சார், அதான்" என்றேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா சண்டைக்கு வந்தாள். "யாரு சாப்பிடல? புட்டும் பழமும் தின்னுட்டு, பத்தலேன்னு இன்னொரு குத்துப் புட்டு கேட்டு வாங்கித் தின்னுட்டுத்தான் போனான்" என்றாள். நான் அவளை அதட்டி அடக்கினேன். அதன் பிறகு உன்னை எந்த ஓட்டத்திலும் சேர விடவில்லை, ஆற்றுப் பக்கம் விடவில்லை, படிப்பு படிப்பு என்று உட்கார வைத்தேன். நான் கண்டிப்பான அப்பா என்று நினைத்திருப்பாய். எனக்கு உள்ளே ஏதோ தெரிந்திருந்தது. அதன் பெயரைத் தெரிந்துகொள்ளும் தைரியம்தான் இல்லை.

கல்லறைப் படங்கள் கிடைத்ததும் நீ போன் பண்ணினாய். நேயா மரம் வரைந்துவிட்டாள், டீச்சர் பாராட்டினார்கள் என்றாய். பேச்சோடு பேச்சாக, "போன வாரம் நீச்சல் கிளாஸ்ல குதிச்சுட்டு ஏறினவ அப்படியே மயங்கிட்டா அப்பா, ஒண்ணுமில்லை, காலையில ஒழுங்கா சாப்பிடல" என்றாய். நான் சொன்ன அதே வாக்கியம், உன் வாயிலிருந்து வந்தது. என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. உனக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன், அப்பனாக இருந்து கற்றுக்கொண்டது. பிள்ளை விழுந்தால், உன் மனம் நிம்மதியாவதற்காக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து வைக்காதே. பயமாக இருந்தாலும் நிஜக் காரணத்தைத் தேடு. நான் தேடியிருந்தால், உன் பன்னிரண்டாவது வயதிலேயே எல்லாம் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை அம்மாவிடம்கூடச் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இதய டாக்டர் சின்ன வயதுப் பெண், கரமனைக்காரி, வீட்டில் தமிழ் பேசுகிறவள். எனக்கு ஒன்றும் வலியில்லை, ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும் என்றேன். எடுத்தார்கள். அவள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை எடுக்கச் சொன்னாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்கேல் வைத்து அளந்தாள். "சார், உங்க குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா? தண்ணியில, ஓடும்போது, அப்படி?" என்று கேட்டாள். நான் போனை எடுத்து அந்தப் படங்களைக் காட்டினேன். எஸ்தர், ஞானமுத்து, ரூத், ஸ்டான்லி. அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். போனைத் திருப்பித் தரும்போது, "இதையெல்லாம் இத்தனை நாளா யாருமே சேர்த்து வச்சுப் பாக்கலையா, சார்?" என்றாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். இதயம் ஒரு தடவை அடித்துவிட்டு, அடுத்த அடிக்குத் தயாராக வேண்டும். நம் இதயம் தயாராக அதிக நேரம் எடுக்கிறது. சாதாரணமாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. நீந்தும்போதோ ஓடும்போதோ தாளம் தப்பினால், அப்படியே நின்றுவிடலாம். ஸ்டான்லி மூழ்கியதால் சாகவில்லை. நின்றதால் மூழ்கினான். இது ரத்தத்தில் வருவது. அப்பாவிடமோ அம்மாவிடமோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரவும் செய்யலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி. எனக்கு இருக்கிறது. தண்ணீருக்குப் பயந்து, ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து காலத்தைக் கழித்ததால் தப்பித்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். அவள் இதையும் சொன்னாள். தெரிந்துவிட்டால் இதற்கு வழி இருக்கிறது. தினமும் ஒரு மாத்திரை, சிலருக்கு நெஞ்சில் ஒரு சின்னக் கருவி, சில மருந்துகளைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். முழு ஆயுசும் வாழலாம். "தெரியாம இருக்கறவங்கதான் சார் போயிடறாங்க" என்றாள். என் இரண்டு இ.சி.ஜி.யும், அவள் எழுதிக் கொடுத்த கடிதமும் இந்தத் தாள்களோடு வரும். அதை உன் டாக்டரிடம் காட்டு. நான் சொன்னால் கேட்கமாட்டார்கள், அதைப் பார்த்தால் கேட்பார்கள்.

நேற்று உன்னோடு பேசியபிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்டான்லி உட்பட. அவள் இட்லி மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். கையை மாவிலிருந்து எடுக்காமலேயே கேட்டாள். பிறகு, "நாப்பது வருஷமா நான் அந்தப் பிள்ளைக்குப் பூ வைக்கும்போது, குடிகாரன்னு நினைச்சுக்கிட்டே வச்சேனே" என்றாள். என்னைத் திட்டவில்லை. இன்று காலை சபைப் பாஸ்டரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தாள். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அவரிடம் நான் என் வாயால் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறேன். அவனைத் தெரிந்தவர்கள் இன்னும் ஏழெட்டுப் பேர் உயிரோடு இருக்கிறார்கள். அவனுக்கு நிச்சயித்திருந்த பெண் நெய்யாற்றின்கரையில் மகள் வீட்டில் இருக்கிறாளாம். அவளைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும். கதவைச் சாத்தினாலும் வாசலில் நின்று சொல்லிவிட்டு வருவேன்.

நேயாவின் மரத்தில் எஸ்தர், ஞானமுத்து, ரூத் மூன்று பேரும் இருக்கிறார்கள். ஸ்டான்லியின் பெயரையும் எழுதச் சொல். அவளிடம் இப்போது எதையும் விளக்க வேண்டாம். பயம் பிள்ளைக்குப் போகக் கூடாது, உன்னோடு நிற்கட்டும். போட்டிக்குப் போக முடியவில்லை என்று அழுவாள். அழட்டும். தாத்தாதான் வேண்டாம் என்றார் என்று பழியை என் மேல் போடு.

நீ இதைப் பார்க்கும்போது அங்கே விடிந்திருக்கும். டாக்டர் கடைசியாகச் சொன்ன ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இந்த வியாதி உள்ள சிலருக்குத் தூக்கத்தில் திடீரென்று கேட்கும் பெரிய சத்தமும் ஆபத்தாம். நேயாவின் அறையில் அலாரம் இருந்தால் எடுத்துவிடு. கதவைத் தட்டாதே, வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடாதே. உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார். முதலில் மூச்சு வருகிறதா என்று பார். பிறகு நெற்றியில் கை வைத்து, மெதுவாக எழுப்பு.

அப்பா